டக்கென்று பதில் சொல்லாதீர்கள்!

ஒரு சின்னக் கணக்கு. பேப்பர், பேனா எதுவும் வேண்டாம். மனசுக்குள்ளேயே போடுங்கள்.

ஒரு கிரிக்கெட் மட்டையும் ஒரு பந்தும் சேர்ந்து 110 ரூபாய். பந்தைவிட மட்டை 100 ரூபாய் அதிகம். அப்படியானால் பந்தின் விலை என்ன?

'பத்து ரூபாய்' என்றுதானே சொன்னீர்கள்? பரவாயில்லை, பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இப்போது சரிபார்ப்போம். பந்து 10 ரூபாய் என்றால், அதைவிட 100 ரூபாய் அதிகமான மட்டை 110 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 120 வந்துவிடுகிறதே! சரியான விடை 5 ரூபாய். மட்டை 105, பந்து 5.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கூட்டல்தான். ஆனாலும் சறுக்குகிறோம். ஷேன் ஃப்ரெடெரிக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், டாலர் கணக்கில் இந்தக் கேள்வியையும் இதே ரகத்தில் இன்னும் இரண்டு கேள்விகளையும் 3,400-க்கும் அதிகமானவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். 2005-ல் முடிவுகளை வெளியிட்டார். மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் 17 சதவிகிதம்தான். 33 சதவிகிதம் பேர் ஒன்றுக்குக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. படிக்காதவர்களாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். உலகப் புகழ் பெற்ற எம்.ஐ.டி. மாணவர்களிலேயே மூன்றையும் சரியாகச் சொன்னவர்கள் 48 சதவிகிதம்தான்!

ஆக, இது படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. மூளை வேலை செய்யும் விதம் சம்பந்தப்பட்டது. இந்தப் பலவீனத்தை மட்டுமே நம்பி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டே வந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆடியிருக்கலாம். அதன் வழியாகவே இந்தப் பாடத்தைப் படிப்போம், வாருங்கள்.

ஜெயிக்க முடியாத வினாடி வினா

விளையாட்டின் பெயர் 'தி இம்பாசிபிள் க்விஸ்'. 'முடியவே முடியாத வினாடி வினா' என்று வைத்துக்கொள்ளலாம். 'ஸ்ப்ளாப்-மி-டூ' என்ற புனைபெயரில் இயங்கும் இங்கிலாந்துக்காரர் 2007-ல் இதை வெளியிட்டார். தனியாக எதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டாம். இன்டர்நெட் பக்கத்தைத் திறந்தால் அதிலேயே ஆடலாம். அது ஓடியது ஃப்ளாஷ் என்ற தொழில்நுட்பத்தில். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃப்ளாஷ் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு வேறு முறைக்கு மாற்றப்பட்ட வடிவங்களில் இந்த ஆட்டம் பிழைத்திருக்கிறது.

மொத்தம் 110 கேள்விகள். கையில் மூன்று 'உயிர்'. தப்பாகப் பதில் சொன்னால் ஓர் உயிர் போகும். மூன்றும் போனால் மறுபடியும் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நூறாவது கேள்வியில் தோற்றாலும் அதே கதிதான்!

கேள்விகள் எப்படி? நம்ம ஊர் கடி ஜோக் ரகம். முதல் கேள்வியே, 'ஒரு போலோவில் எத்தனை ஓட்டை?' என்பது. போலோ என்றதும் இங்கிலாந்துக்காரர்களுக்கு நினைவு வருவது நடுவில் ஓட்டை உள்ள பெப்பர்மின்ட் மிட்டாய். உடனே 'ஒன்று' என்று அழுத்துவார்கள். போச்சு ஓர் உயிர்! கேட்டது போலோ பனியனைப் பற்றி. கழுத்துக்கு ஒன்று, கைகளுக்கு இரண்டு, இடுப்புப் பக்கம் ஒன்று என்று மொத்தம் நான்கு.

இரண்டாவது கேள்வி, 'கேன் எ மேட்ச் பாக்ஸ்?' பாக்ஸ் என்றால் பெட்டி. குத்துச்சண்டை போடுவது என்றும் அர்த்தம் உண்டு. தீக்குச்சி குத்துச்சண்டை போடுமா என்பது கேள்வி. விடை, 'நோ, பட் எ டின் கேன்.' கேன் என்றால் 'முடியும்', தகர டப்பாவுக்கும் அதுதான் பெயர். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறதா? ஆடியவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

மூன்றாவது கேள்வி தலைகீழாக, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை அச்சாகியிருக்கும். 'இந்தக் கேள்விக்குத் திருப்பிப் பதில் சொல்' என்பதுதான் அது. விடை 'கே.ஓ.' அதாவது 'ஓ.கே.' என்பதைத் திருப்பிப் போட்டது.

இன்னும் இரண்டு விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. ஒன்று, சில கேள்விகளில் திரையின் ஓரத்தில் ஒரு வெடிகுண்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதில் நொடிகள் குறைந்துகொண்டே வரும். நேரம் முடிந்து வெடித்தால், உயிர்கள் மிச்சம் இருந்தாலும் ஆட்டம் காலி. இரண்டு, வழியில் ஏழு 'ஸ்கிப்' கிடைக்கும். கஷ்டமான கேள்வி வந்தால் இதை அழுத்தித் தாண்டிப் போகலாம் என்று ஆட்டக்காரர் நினைப்பார். அங்கேதான் பெரிய பொறி! கடைசிக் கேள்வியை முடிக்க அந்த ஏழும் வேண்டும். நடுவில் ஒன்றைச் செலவழித்திருந்தால்கூட அதுவரை பட்ட பாடு வீண்.

மூளை எங்கே கோட்டை விடுகிறது?

நாம் யோசிப்பதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று சடாரென்று வருவது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கோபமா, சந்தோஷமா என்று தெரிந்துகொள்கிறோமே, அது இந்த ரகம். இன்னொன்று நிதானமானது. 17-ஐ 24-ஆல் பெருக்கச் சொன்னால் நடையைக் கூட நிறுத்திவிட்டு யோசிப்போமே, அது. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2002-ல் பெற்ற மனோதத்துவ நிபுணர் டேனியல் கானமன், 2011-ல் எழுதிய நூலில் இந்த இரண்டையும் 'வேக யோசனை', 'நிதான யோசனை' என்று பிரித்துக் காட்டி உலகம் முழுவதும் பேச வைத்தார்.

வேக யோசனை கெட்டது இல்லை. அது இல்லாவிட்டால் ரோட்டைக்கூடக் கடக்க முடியாது. பஸ் வருகிறதா என்று பார்த்து ஒதுங்குவதற்குக் கணக்கா போட முடியும்? பிரச்னை என்னவென்றால், அது தன் பதிலை ரொம்ப நம்பிக்கையோடு சொல்லும். தப்பு என்ற சந்தேகமே நமக்கு வராது. மடக்குக் கேள்விகள் நான்கு இடங்களில் நம்மைப் பிடிக்கின்றன.

1. கைக்கு எட்டும் பதில்: 110, 100 என்ற இரண்டு எண்களைப் பார்த்ததுமே மூளை கழித்து 10 என்று நீட்டிவிடுகிறது. கேட்டது அது இல்லை என்பதைக் கவனிப்பதில்லை.

2. பழகின வழி: ஆபிரகாம் லச்சின்ஸ் என்பவர் 1942-ல் வெளியிட்ட பரிசோதனை இது. 21, 127, 3 அளவு கொள்ளும் மூன்று ஜாடிகள். இவற்றை வைத்து 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். 127 நிரப்பி, அதிலிருந்து 21-ஐ ஒரு தடவையும் 3-ஐ இரண்டு தடவையும் ஊற்றிவிட்டால் 100. இதே வழியில் வரும் கணக்குகளை வரிசையாகக் கொடுத்தார். பிறகு 23, 49, 3 ஜாடிகளைக் கொடுத்து 20 எடுக்கச் சொன்னார். 23-லிருந்து 3-ஐ ஊற்றினால் வேலை முடிந்தது! ஆனால் பலரும் 49-லிருந்து 23, பிறகு 3, இன்னொரு 3 என்று பழைய பாதையிலேயே போனார்கள். பழக்கம் கண்ணை மறைத்துவிட்டது.

3. தெரிந்த மாதிரி ஒலிப்பது: 'மோசே தன் பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனை ஏற்றினார்?' என்று 1981-ல் எரிக்சன், மேட்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கேட்டார்கள். பலரும் 'இரண்டு' என்றார்கள். பேழை கட்டியது மோசே இல்லை, நோவா. பதில் சொன்னவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. இரண்டு பெயரும் பைபிளில் வருவதால் காது ஏமாந்துவிட்டது.

4. பதற்றம்: அந்த வெடிகுண்டு இருக்கிறதே, அதன் வேலை இதுதான். நேரம் ஓடுகிறது என்றதும் நெஞ்சு படபடக்கிறது, கை வேர்க்கிறது. நிதான யோசனைக்கு அவகாசமே கொடுக்காமல் வேக யோசனை முந்திக்கொள்கிறது.

வீட்டுக்குள் இருக்கும் மடக்குக் கேள்விகள்

'விளையாட்டில் தோற்றால் என்ன குடி முழுகிவிடப் போகிறது?' என்று கேட்கலாம். வாஸ்தவம்தான். ஆனால் இதே நான்கு பொறிகளும் நம் மருந்து அலமாரியிலும் சமையலறையிலும் இருக்கின்றனவே! அங்கே போகிற உயிர் திரும்பி வராது.

முதல் கேள்வி. பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். போன தடவை டாக்டர் பாராசிட்டமால் சிரப் 5 மி.லி. கொடுக்கச் சொன்னார். இந்தத் தடவை வீட்டில் இருப்பது பாராசிட்டமால் சொட்டு மருந்து. எவ்வளவு கொடுப்பது?

'அதே மருந்துதானே, அதே 5 மி.லி.' என்று மனசு சொல்லும். இதுதான் பழகின வழி என்ற பொறி. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். வழக்கமான ஒரு சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. மருந்து. அதாவது 1 மி.லி.யில் 25 மி.கி. சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். நான்கு மடங்கு வீரியம்! பச்சைக் குழந்தையால் அதிகம் குடிக்க முடியாது என்பதற்காகக் கெட்டியாகத் தயாரிக்கிறார்கள். இந்தக் குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கொடுக்கக்கூடியது, கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வீதம், 100 முதல் 150 மி.கி. சொட்டு மருந்தில் 5 மி.லி. கொடுத்தால் 500 மி.கி. உள்ளே போய்விடும். சிரப்பிலேயே 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள வகையும் உண்டு. ஆகவே 'எத்தனை மி.லி.?' என்று மட்டும் ஞாபகம் வைக்காதீர்கள். 'எத்தனை மி.கி.?' என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு மருந்தின் அளவு மூடியை இன்னொரு மருந்துக்குப் பயன்படுத்தாதீர்கள். சமையல் ஸ்பூன் வேண்டவே வேண்டாம். அது வீட்டுக்கு வீடு மாறும்.

இரண்டாவது கேள்வி. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மாத்திரை போட்டாயிற்று. சளிக்கு வேறு பெயரில் ஒரு மாத்திரை போடலாமா? பெயர் வேறு என்பதால் மருந்தும் வேறு என்று நினைக்கிறோம். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கிறது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4,000 மி.கி.தான் உச்சவரம்பு. கல்லீரல் கோளாறு, மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கு அதைவிடவும் குறைவு. தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படும். அட்டையின் முன்பக்கம் பெரிதாக இருக்கும் பெயரைவிட, பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்தான் முக்கியம்.

மூன்றாவது கேள்வி. டாக்டர் மாத்திரையின் அளவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். கையில் இருப்பதை இரண்டாக உடைத்தால் ஆயிற்றா? எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் தரும் சில மாத்திரைகள் பல மணி நேரம் மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருக்கும். உடைத்தாலோ பொடித்தாலோ மருந்து முழுதும் ஒரேயடியாக ரத்தத்தில் கலக்கலாம். கேட்காமல் உடைக்காதீர்கள்.

நான்காவது கேள்வி. கடலை எண்ணெய் டின்னில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருந்தால், தாராளமாக ஊற்றலாமா? இது சுத்தமான மடக்குக் கேள்வி. தாவர எண்ணெய் எதிலுமே இயற்கையாகக் கொலஸ்ட்ரால் பொருட்படுத்தும் அளவுக்குக் கிடையாது. ஆனால் எண்ணெய் என்பது முழுக்கக் கொழுப்புதான். 15 மி.லி. எண்ணெயில் சுமார் 120 கலோரி. 'சர்க்கரை சேர்க்காதது' என்று எழுதிய ஸ்வீட்டும் இப்படித்தான். சர்க்கரை இல்லாவிட்டாலும் மாவு, கோவா, நெய் எல்லாம் இருக்கிறதே!

ஐந்தாவது, வெடிகுண்டுக் கேள்வி. 'இன்று இரவு உங்கள் வீட்டு கரன்ட் கட்டாகும், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று செல்போனில் தகவல் வருகிறது. அல்லது போலீஸ் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வீடியோவில் மிரட்டுகிறார். அவர் விற்பது அவசரத்தைத்தான். போனை வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வீட்டில் இன்னொருவரிடம் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே புகார் செய்யுங்கள். அங்கே மட்டும் அவசரம் நல்லது.

விளையாடினால் மூளை கூர்மையாகுமா?

இந்தக் கேள்வியைப் பெற்றோரும் கேட்கிறார்கள், ரிட்டையரான பெரியவர்களும் கேட்கிறார்கள். நேர்மையான பதில்: எதை ஆடுகிறோமோ அதில் தேர்ச்சி வரும். சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். ஆனால் அதனால் சாவியை வைத்த இடம் ஞாபகம் வரும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை. மூளைப் பயிற்சி விளையாட்டுகள் பற்றிய ஆராய்ச்சிகளை டேனியல் சைமன்ஸும் சக நிபுணர்களும் அலசி 2016-ல் வெளியிட்ட முடிவு இதுதான். மறதி நோயைத் தள்ளிப்போடலாம் என்ற தோரணையில் விளம்பரம் செய்த லுமாசிட்டி என்ற மூளைப் பயிற்சி விளையாட்டின் நிறுவனம், அமெரிக்க வர்த்தகக் கமிஷனின் வழக்கை முடித்துக்கொள்ள அதே ஆண்டில் 20 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

மூளையைக் காப்பாற்ற உண்மையில் உதவுவது எது? லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலக அளவில் மறதி நோயில் சுமார் 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்றது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொலஸ்ட்ரால், சிகரெட், அசையாமல் உட்கார்ந்திருப்பது, தனிமை, கவனிக்கப்படாத காது மந்தம், பார்வைக் குறைவு எல்லாம் அதில் உண்டு. தாத்தாவுக்குப் புதிர் ஆட்டம் வாங்கித் தருவதற்கு முன்னால், காதைப் பரிசோதித்து தேவையானால் காது மெஷின் வாங்கித் தருவது மேல்!

பிள்ளைகள் ஆடும்போது...

இந்த மாதிரி ஆட்டத்தில் தோற்றுவிட்டு முகம் வாடும் குழந்தையிடம், 'இதுகூடத் தெரியலையா, மக்கு!' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த 110 கேள்விகளில் பலவற்றின் விடை, யோசித்துக் கண்டுபிடிக்கக்கூடியதே இல்லை. தப்பாக அழுத்தித் தோற்று, அடுத்த முறை ஞாபகம் வைத்துத்தான் தாண்ட முடியும். ஆக அது பாதிக்கு மேல் ஞாபகத்துக்கும் பொறுமைக்கும் வைக்கும் சோதனை. அறிவை அளக்கும் தராசு இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து, 'உனக்கு முதல்ல என்ன தோணிச்சு? ஏன் அப்படித் தோணிச்சு?' என்று கேளுங்கள். தான் ஏமாந்த இடத்தைக் குழந்தை தானே சொல்லும். அதுதான் லாபம். அதே சமயம், பரீட்சைக் கேள்விகள் எல்லாமே பொறி என்ற பயத்தையும் ஊட்டிவிடாதீர்கள். பள்ளிக் கேள்வி பெரும்பாலும் நேராகக் கேட்பது. நிதானமாகப் படித்தால் போதும். தோற்றுத் தோற்று எரிச்சலோடு ராத்திரி பத்து மணிக்கு மேலும் ஆடிக்கொண்டிருந்தால், கெடுவது தூக்கம். அங்கே கண்டிப்பு வேண்டும்.

குடும்பத்தோடு ஒரு பயிற்சி

ஃப்ரெடெரிக்கின் மற்ற இரண்டு கேள்விகள் இதோ. இரவுச் சாப்பாட்டின்போது கேளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. பதில் தோன்றியதும் சொல்லக் கூடாது. மனசுக்குள் பத்து எண்ணி, விடையைக் கேள்வியில் போட்டுப் பார்த்து, பிறகுதான் சொல்ல வேண்டும்.

அ. 5 மெஷின்கள் 5 நிமிடத்தில் 5 பொருள்கள் செய்கின்றன. 100 மெஷின்கள் 100 பொருள்கள் செய்ய எத்தனை நிமிடம்?

ஆ. குளத்தில் அல்லி இலைகள் தினமும் இரு மடங்காகின்றன. குளம் முழுவதும் மூட 48 நாள் ஆகிறது. பாதிக் குளம் மூட எத்தனை நாள்?

விடைகள்: அ. 5 நிமிடம்தான். ஒரு மெஷின் ஒரு பொருள் செய்ய 5 நிமிடம் ஆகிறது. எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஆ. 47 நாள். மறுநாள் இரு மடங்கானால்தானே முழுக் குளம்!

100 என்றும் 24 என்றும் நாக்கு நுனி வரை வந்திருக்குமே? அதை விழுங்கிவிட்டுப் பத்து எண்ணினீர்களா, நீங்கள் பாஸ்! நாளைக் காலையில் மருந்து பாட்டிலைத் திறப்பதற்கு முன்னாலும் அதே பத்தை எண்ணிவிட்டு, லேபிளை ஒரு தடவை படித்துவிடுங்கள்.